குறை சொல்லாமல் கொடுத்த கார்

தேனி பஜாரில் கயிறு, தார்ப்பாய், மருந்தடிக்கும் பம்பு, ஹோஸ் குழாய் விற்கிற ஞானசிகாமணி அண்ணாச்சியிடம் ஒரு வெள்ளைக் கார் இருக்கிறது. இருக்கிறது என்று பேச்சுக்குச் சொல்கிறேனே தவிர, அது அவரிடம் இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. இன்றைக்கு ஒரு நிச்சயதார்த்த வீட்டு வாசலில் நிற்கும். நாளைக்குப் போடியில் யாருக்கோ கண் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியும் அவர் மனைவி சொர்ணலதா அக்காவும் ஆட்டோ பிடித்து சர்ச்சுக்குப் போவார்கள். கார் யார் குடும்பத்தையோ ஏற்றிக்கொண்டு வைகை அணையைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கும்.

கல்லாவுக்கு மேலே சுவரில் ஓர் ஆணி. கார் சாவி அதில்தான் தொங்கும். தெரிந்தவர் யார் வந்து கேட்டாலும், எதற்கு, எந்த ஊருக்கு, எத்தனை நாளைக்கு என்ற கேள்வியே கிடையாது. "அங்கன தொங்குது, எடுத்துக்கிருங்க" என்பார். அதைச் சொல்லும்போது வாங்குகிறவரைவிட அவர் முகம்தான் மலர்ந்திருக்கும். பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் வினோத்ராஜ். பழனிசெட்டிபட்டியில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாக அந்தக் காருக்கு வைத்தியம் பார்ப்பவன் நான்தான். ஊரே ஓட்டுகிற வண்டி எப்படி இருக்கும்? ஒருவர் கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவார். ஒருவர் ஹேண்ட்பிரேக்கை எடுக்காமலே ஆண்டிபட்டி வரை போய் வருவார். ஒவ்வொரு முறையும் அண்ணாச்சியிடம், இரவல் கொடுப்பதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் என் பிள்ளைகளின் படிப்புச் செலவை நீங்களே முழுதாக ஏற்றுக்கொண்ட மாதிரிதான் என்று சொல்வேன். சிரித்துக்கொண்டே பில்லைக் கட்டுவார். என் ஷெட்டில் நான் ஸ்பேனர்கூட இரவல் தருவதில்லை. சுவரில் பெயின்டில் எழுதியே வைத்திருக்கிறேன். எழுத்து மங்கினால் மறுபடி எழுதுவேன்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதைச் சொர்ணலதா அக்காதான் ஒருமுறை சொன்னார். முப்பது வருடத்துக்கு முன்னால் கடை ஒரு பெட்டிக்கடை அளவுக்குத்தான் இருந்ததாம். அக்காவுக்கு மூத்த பிள்ளை ஷெரின் வயிற்றில். எதிர்பார்த்த தேதிக்கு மூன்று வாரம் முன்பே வலி வந்துவிட்டது. பஜாரில் அப்போது கார் வைத்திருந்த ஒருவரிடம் அண்ணாச்சி ஓடியிருக்கிறார். அவர் வருத்தமான முகத்தோடு, வண்டி ரிப்பேர் என்றிருக்கிறார். அண்ணாச்சி ஒரு சரக்கு டெம்போவை மறித்து, கயிற்றுச் சிப்பங்களுக்கு நடுவே அக்காவைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மறுநாள் காலை பிள்ளைக்குத் துணி வாங்க வந்தபோது, அந்த ரிப்பேரான கார் அவரை உரசினாற்போல் கடந்து போயிற்று. அதற்காக அந்த மனிதரிடம் அவர் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் அன்றைக்கே மனதில் ஒன்றை முடிவு செய்துகொண்டார். கார் வாங்குகிற நாள் வந்தால், வண்டி ரிப்பேர் என்ற வார்த்தை தன் வாயிலிருந்து வராது.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொன்னால்தான் புரியும். எங்கள் பக்கம் யாரும் யாரிடமும் காரைத் தரமாட்டேன் என்று சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் உறவு அறுந்து போகும். அதற்குப் பதில், பிரேக் பிடிக்கவில்லை, கிளட்ச் வழுக்குகிறது, வினோத்ராஜ் வண்டியை ஷெட்டில் விடச் சொல்லியிருக்கிறான் என்பார்கள். கேட்டவரும் புரிந்துகொண்டு, அப்படியா என்று வருத்தப்பட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு எழுந்து போவார். என் ஷெட் வாசலையே மிதிக்காத எத்தனையோ கார்களுக்கு நான் கிளட்ச் மாற்றிக்கொண்டிருப்பதாக ஊரில் பேச்சு. இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், உண்மையிலேயே கொடுக்க நினைக்கிறவன், உண்மையிலேயே வண்டியில் இருக்கிற கோளாறைச் சொல்ல வழியே இல்லை. சொன்னால் மறுப்பாகத்தான் காதில் விழும்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்தக் காரின் ரேடியேட்டர் ஒழுகுவதைக் கண்டுபிடித்தேன். மாற்றிவிடலாம் என்றேன். பொங்கல் வியாபாரம் முடியட்டும், இப்போதைக்கு ஏதாவது செய் என்றார். பசை வைத்து அடைத்தேன். பசை எத்தனை நாள் தாங்கும்? அந்தப் பசையை வைத்தவன் நான்தான் என்பதையும் இங்கேயே சொல்லித் தொலைக்கிறேன். தை பிறந்ததும் மறுபடி ஒழுக ஆரம்பித்தது. இரவல் கேட்டு வருகிறவர்கள் ஓயாததால் மாற்றுவது தள்ளிக்கொண்டே போயிற்று. எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள்ளோ இரண்டு வருடமாக நடுவில் படுத்துத் தூங்குகிறது. அண்ணாச்சி ஓர் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனைக் கழுவி, கடையிலிருந்த நீல நைலான் கயிற்றைப் பிடியாகக் கட்டி, தண்ணீர் நிரப்பி டிக்கியில் வைத்துக்கொண்டார். தினமும் கடை திறக்கும் முன் பானெட்டைத் தூக்கித் தண்ணீர் ஊற்றுவார், பிறகு கேனை நிரப்பி டிக்கியிலேயே வைத்துவிடுவார். கார் இரவல் போகிற நாளில் இன்னும் சீக்கிரம் வந்து ஊற்றுவார். வாங்கிப் போகிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது.

மாசி மாதத்தில் முத்துவீரன் அண்ணன் கார் கேட்டார்.

முத்துவீரனுக்குச் சுருளிப்பட்டியில் ஒன்றரை ஏக்கர் திராட்சைப் பந்தல். அண்ணாச்சிக்கும் அவருக்கும் இருபது வருடப் பழக்கம். ஒரு மழைக்காலத்தில் வாங்கிப்போன தார்ப்பாய் மூன்றாம் நாளே கிழிந்தது என்று கோபமாகத் தூக்கிக்கொண்டு வந்தவர், அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசாமல் புதுத் தார்ப்பாயைக் கையில் கொடுத்ததும் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாராம். அன்றிலிருந்து அவர் தேனிக்கு வந்தால் அண்ணாச்சி கடையில் டீ குடிக்காமல் பஸ் ஏறியதில்லை. இத்தனை வருடத்தில் அவர் கார் கேட்டதும் இல்லை. ஊரெல்லாம் கேட்கிறது, நானும் கேட்க வேண்டுமா என்பார்.

இந்த முறை கேட்டதற்குக் காரணம் இருந்தது. குமுளியில் வாழ்க்கைப்பட்ட அவர் தங்கை ராக்கம்மாளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிள்ளை பிறந்திருந்தது. அதற்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் சீர்த் தட்டுகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால் தங்கைக்கு அவள் புகுந்த வீட்டில் என்ன மரியாதை? அண்ணாச்சிக்குப் போன் செய்து, தயங்கித் தயங்கிக் கேட்டார். அண்ணாச்சிக்கு அன்றைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வந்து எடுத்துக்கொள் என்றார். விடியுமுன் எழுந்து தண்ணீர் ஊற்றிவிடலாம் என்பது அவர் கணக்கு.

முத்துவீரனோ சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டார். காலையில் தேனியிலிருந்து கிளம்பினால் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியாது என்பது அவர் கணக்கு. அண்ணாச்சி சரக்கு விஷயமாகப் போடிக்குப் போயிருந்தார். கல்லாவில் இருந்த சொர்ணலதா அக்கா சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். அண்ணாச்சி திரும்பி வந்து வெறும் ஆணியைப் பார்த்ததும் போனைக் கையில் எடுத்திருக்கிறார். எடுத்தவர் அழைக்கவில்லை. கொடுத்த மறு மணிநேரமே கூப்பிட்டுக் கோளாறு சொன்னால் என்ன நினைப்பான்? மனசில்லாமல் கொடுத்தேன் என்று நினைத்துக் காரைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிட மாட்டானா? டிக்கியில் கேன் இருக்கிறது, பார்த்தால் அவனுக்கே புரியும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு போனை வைத்துவிட்டார்.

கேனை முத்துவீரன் பார்த்தார். பார்த்தது ஞாயிறு காலையில், சீர் ஏற்றும்போது. பித்தளைத் தாம்பாளங்கள், பட்டுத் துணி, தேங்காய், வாழைத்தார், சொந்தத் தோட்டத்துப் பன்னீர் திராட்சை இரண்டு பெட்டி. டிக்கியில் இடம் பற்றவில்லை. குடிக்கிற தண்ணீர் போலிருக்கிறது, வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து, வீணாக்க மனமில்லாமல் அதைத் திராட்சைக் கொடியின் வேரில் ஊற்றிவிட்டு, கேனைப் பந்தல்காலில் மாட்டினார். மனைவியையும் மகள் சுபாஸ்ரீயையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

லோயர்கேம்ப் தாண்டி மலையேறத் தொடங்கியதும் கார் இழுக்கச் சிரமப்பட்டது. நாலாவது வளைவில் பானெட்டிலிருந்து புகை. அதற்கு மேல் ஓர் அடி நகரவில்லை. ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஒன்று நின்று, தட்டுகளையும் இவர்களையும் ஏற்றிக்கொண்டது. கார் இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு அந்த டிரைவர், தண்ணீர் கேன்கூட வைத்துக்கொள்ளாமலா மலையேறினீர்கள் என்று பாதி மலையாளத்தில் கேட்டாராம். முத்துவீரனுக்கு அப்போதுதான் நீலக் கயிறு கட்டிய கேன் கண்முன் வந்தது. முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, சட்டையெல்லாம் கரியோடு போய் உட்கார்ந்தார். பிள்ளை அவர் மடியில் வீறிட்டு அழுதது. தானும் அழுததாகவும், யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும் என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை ஒரு பிக்கப்பின் பின்னால் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தார். எஞ்சினைப் பிரித்துப் பார்த்தேன். ஹெட் கேஸ்கட் எரிந்து, சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்திருந்தது. சின்ன வேலை இல்லை.

"நான்தான் தம்பி கெடுத்தேன்" என்றார். "அண்ணாச்சி டிக்கியில தண்ணி வச்சு விட்டிருக்காக. நான் தாம்பாளம் வைக்க எடமில்லைன்னு அதைக் கொடிக்கு ஊத்திட்டு வந்துட்டேன். நம்பிக் குடுத்த மனுசனுக்கு இப்படிப் பண்ணிட்டேன். செலவு பூராவும் என்னது. அவுககிட்ட ஏதோ ஹோஸ் போயிருச்சு, சின்னச் செலவுன்னு சொல்லிரு. கேன் விசயம் உன்னோட இருக்கட்டும்."

எனக்கு ரேடியேட்டர் விஷயம் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். சத்தியம் செய்யச் சொல்லிக் கையை நீட்டினார். நானும் மடையன் மாதிரி அடித்துக் கொடுத்துவிட்டேன்.

கார் மலையில் நின்ற செய்தி கேட்டு, அன்று மதியம் கடையைச் சாத்திவிட்டு அண்ணாச்சி வந்தார். பிரித்துப் போட்டிருந்த எஞ்சினை ரொம்ப நேரம் பார்த்தார்.

"வினோத்து, ஒழுகுறது தெரிஞ்சேதான் குடுத்தேன்" என்றார். "பொம்பளைப் பிள்ளைகளோட மலையில நின்னிருக்கான். சீர் கொண்டு போறவனை நடுரோட்டுல நிறுத்திட்டேன். அவன்கிட்ட ஒத்தைப் பைசா வாங்காத. ஹோஸ் போயிருச்சு, சின்ன வேலைன்னு சொல்லிரு. ஒழுகுன கதை அவனுக்குத் தெரிய வேண்டாம்."

இரண்டு பேரும் பேசி வைத்த மாதிரி அதே ஹோஸைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணாச்சியும் கையை நீட்டினார். அவருக்கும் அடித்துக் கொடுத்தேன். இரவல் கொடுத்தவனும் வாங்கினவனும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட, இருவருடைய ரகசியத்தையும் சுமந்துகொண்டு ஸ்பேனரோடு நான் நின்றேன்.

இருபத்தைந்து வருடத் தொழிலில், காரை இரவல் கொடுத்து, அது ரிப்பேராகி, என் ஷெட்டில் நடந்த சண்டைகள் எத்தனையோ. எல்லாம் நீதான் கட்ட வேண்டும் என்கிற சண்டை. என் கையில் இருக்கும்போது ஓடியது, உன் கையில்தானே நின்றது என்று ஒருவர் கத்துவார். நிற்கிற நிலையில் இருந்ததைத்தானே என் தலையில் கட்டினாய் என்று மற்றவர் கத்துவார். சம்பந்தி வீடுகள் பிரிந்ததைப் பார்த்திருக்கிறேன். நானே கட்டுகிறேன் என்று இரண்டு பேர் ஒளிந்து ஒளிந்து வந்தது இதுதான் முதல் தடவை. இதுவும் சண்டையில்தான் போய் முடியும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

யாரிடம் பணம் வாங்குவது? அண்ணாச்சியிடம் வாங்கினால் முத்துவீரனுக்குச் செய்த சத்தியம் போகும். அவரிடம் வாங்கினால் இவருக்குச் செய்தது போகும். இரண்டு பேரிடமும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று என் மனைவி ஜெபராணி கிண்டல் செய்தாள். காரைத் துணி போட்டு மூடி ஓரமாகத் தள்ளிவைத்தேன். ஒரு மாதம் ஓடிப்போயிற்று.

அந்த ஒரு மாதத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்யவில்லை. தான் செய்த தப்பு தெரிந்துதான் அண்ணாச்சி கூப்பிடவில்லை என்று முத்துவீரன் நினைத்தார். ஒழுகுகிற வண்டியைத் தலையில் கட்டியது தெரிந்துதான் முத்துவீரன் கூப்பிடவில்லை என்று அண்ணாச்சி நினைத்தார். பிறகு ஒருநாள் முத்துவீரன் தேனிக்கு வந்து, அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, நாலு கடை தள்ளி வேறொருவரிடம் பந்தலுக்குக் கயிறு வாங்கிப் போய்விட்டார். பஜாரில் அந்தச் செய்தி அண்ணாச்சியின் காதுக்கு வரப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி என் ஷெட்டுக்கு வந்து, வேலை முடிந்ததும் காரை வந்த விலைக்குத் தள்ளிவிடு என்றார். எதற்கு என்றேன்.

"குடுக்கத் தெரியாதவனுக்குக் கார் எதுக்கு? அன்னைக்கு இல்லைன்னு சொன்ன ஆளே தேவலை. அவரால நான் நடுரோட்டுல நிக்கல. என்னால அவன் நின்னான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெறும் ஆணியைப் பார்க்க முடியவில்லை, அதையும் பிடுங்கிவிடப் போகிறேன் என்றார்.

இரவல் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று பதினோரு வருடம் சொன்னவன் நான். அவர் நிறுத்துகிறேன் என்றதும் அது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கடுத்த நாளே முத்துவீரன் போன் செய்து, ரிப்பேர் செலவுக்குத் திராட்சை வியாபாரியிடம் முன்பணம் கேட்டிருப்பதாகச் சொன்னார். முன்பணம் வாங்கினால் வியாபாரி சொன்ன விலைக்குத்தான் பழத்தைக் கொடுக்க வேண்டும். மகள் சுபாஸ்ரீ பிளஸ் டூ எழுதிக்கொண்டிருந்தாள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அந்தப் பழத்தை நம்பித்தான் அந்தப் படிப்பு. இனியும் இந்தச் சத்தியங்களைக் கட்டிக்கொண்டு அழ முடியாது என்று தோன்றியது. வாயைத் திறக்காமலே உடைக்க ஒரு வழி யோசித்தேன்.

முத்துவீரனிடம், நாளை காலை பத்து மணிக்கு வாருங்கள், எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும், அந்தக் கேனை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். அண்ணாச்சியிடம், நாளை பத்து மணிக்கு வந்து ஹெட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள், லேத்துக்கு அனுப்ப வேண்டும் என்றேன்.

அண்ணாச்சி முதலில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் நீலக் கயிறு கட்டிய கேனோடு முத்துவீரன் உள்ளே வந்தார். ஒருவரை ஒருவர் பார்த்ததும் இருவரும் என்னை முறைத்தார்கள். நான் ஒரு நட்டைத் தேடுகிற சாக்கில் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி கேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இது எப்படி உன் கையில் என்று கேட்டார். முத்துவீரன் கேனைக் கீழே வைத்தார். தாம்பாளத்துக்கு இடம் செய்ததையும், தண்ணீரைக் கொடிக்கு ஊற்றியதையும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். மலைக்கு என்று அண்ணாச்சி அக்கறையாக வைத்து அனுப்பியதைத் தான் எடுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

காருக்கு அடியிலிருந்து நான் எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஏலே முத்து, அது மலைக்கு வச்சதில்லைலே. தெனமும் காலையில ஊத்துறது. ரெண்டு மாசமா ரேடியேட்டர் ஒழுகுது. வண்டி உன் கைக்கு வரும்போதே கோளாறுதான்."

முத்துவீரன் அவரையே பார்த்தார். பிறகு, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொல்லியிருந்தா வண்டியை எடுத்திருப்பியா?"

முத்துவீரன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "எடுத்திருக்க மாட்டேன் அண்ணாச்சி. தர மனசில்லைன்னு நெனச்சுப் பஸ்ஸுலயே போயிருப்பேன்."

முதலில் சிரித்தது யார் என்று எனக்குத் தெரியாது. காருக்கு அடியிலிருந்து நான் வெளியே வந்தபோது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அண்ணாச்சியின் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. செலவு யாருடையது என்ற பேச்சு வந்ததும் நிஜமான சண்டை தொடங்கிவிட்டது. தெரிந்தே கொடுத்தவன் நான் என்றார் இவர். கேனை எடுத்தவன் நான் என்றார் அவர். உன் பணத்தில் என் கார் ஓட வேண்டாம் என்றார் இவர். அப்படியானால் இருபது வருடப் பழக்கம் என்ன பழக்கம் என்று அவர் குரலை உயர்த்தினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சுர்ரென்று எனக்குக் கோபம் ஏறியது. ஸ்பேனரால் டிரம்மை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

கேஸ்கட்டும் ஹெட்டும் அண்ணாச்சி கணக்கு, கோளாறு தெரிந்து சொல்லாமல் விட்டதற்கு என்றேன். முத்துவீரன் அண்ணன் புது ரேடியேட்டர் வாங்கித் தர வேண்டும், கேனை எடுத்ததற்கு. அதுவும் முன்பணம் வாங்கியில்லை, பழம் வெட்டி நல்ல விலைக்கு விற்ற பிறகு. அதுவரை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் நான் கடன் சொல்லிக்கொள்கிறேன். இதற்கு மேல் யாராவது வாயைத் திறந்தால் இரண்டு பேரிடமும் முழு பில் வாங்கிவிடுவேன் என்றேன். இருவரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் கார் ஓடியது. ரேடியேட்டர் மாட்டின கூலியை மட்டும் நான் பில்லில் சேர்க்கவில்லை. பசை வைத்த கதை எனக்கும் இருக்கிறதல்லவா?

சாவி மறுபடி ஆணிக்கு வந்தது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் போகவில்லை. முத்துவீரன் கடைக்கு வந்தார், டீ குடித்தார், பழைய மாதிரி பேசினார். சாவி இருக்கிற பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்க மாட்டார். அண்ணாச்சி அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். காரைச் சரி செய்தாயிற்று, இனி அவன் ஒரு தரம் அதை எடுத்துப்போனால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று என்னிடம் சொன்னார். கேட்காமல் கொடுத்தால் பரிகாரம் செய்வது போல் ஆகிவிடும், அவனாகக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தார்.

சுபாஸ்ரீக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆவணியில் ஒரு சனிக்கிழமை, ஹோஸ் கிளிப் வாங்க நான் அண்ணாச்சி கடைக்குப் போயிருந்தேன். முத்துவீரன் வந்தார். டீ வந்தது. டீயைக் குடித்து முடித்து, டம்ளரை இரண்டு தரம் உருட்டிவிட்டு, நாளை மகளை ஹாஸ்டலில் விட வேண்டும், பெட்டி படுக்கை எல்லாம் இருக்கிறது, கார் சும்மா இருந்தால் என்று இழுத்தார்.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். ஆணியிலிருந்து சாவியைக் கையில் எடுத்தார். இந்த முறை எதையும் மறைக்கப் போவதில்லை என்று அவர் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சாவியைப் பிடித்துக்கொண்டே மடமடவென்று சொல்ல ஆரம்பித்தார். பின்னால் இடது கதவு உள்ளேயிருந்து திறக்காது. இரண்டாவது கியர் விழக் கொஞ்சம் அடம் பிடிக்கும். வைப்பரில் ஒன்று வேலை செய்யாது. ஹாரன் சில நேரம் அடிக்காது. ஸ்டெப்னியில் காற்று பார்க்க வேண்டும்.

முத்துவீரனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டு முடித்தார்.

"அப்படியா அண்ணாச்சி. சரி, நாங்க பஸ்ஸுலயே போயிக்கிறோம். பெரியகுளம் இங்கன இருக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அண்ணாச்சி சாவியும் கையுமாக நின்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அண்ணாச்சி, வண்டி ரிப்பேருன்னு சொல்லிட்டீக" என்றேன்.

அவர் ஓடினார். அறுபத்திரண்டு வயது, மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பஜாரில் ஓடினார். ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது. நான் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஆட்டோக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் முத்துவீரனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு அவர் கையில் சாவியைத் திணித்தார்.

"தர மாட்டேன்னா சொன்னேன்லே? கொண்டு போறவன்கிட்டதானலே கோளாறைச் சொல்லணும்."

முத்துவீரன் சாவியைப் பார்த்தார், அண்ணாச்சியின் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். கையை மூடிக்கொண்டார். "தண்ணி ஊத்தியாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"ஏலே, அது உன் ரேடியேட்டரு. ஒரு சொட்டு ஒழுகல."

கடைக்குத் திரும்பி வந்ததும் அண்ணாச்சி வெறும் ஆணியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எனக்கு வேண்டிய கிளிப்புகளை எண்ணிக் கொடுத்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவரும் சொர்ணலதா அக்காவும் ஆட்டோவில்தான் சர்ச்சுக்குப் போனார்கள்.